நோயாளியின் ஆசையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டாக்டர் பால் கலாநிதியைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன். தென்னிந்திய வம்சாவளியில் வந்த இந்த அமெரிக்க மூளை அறுவை மருத்துவருக்கு, நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது என்று 2013இல் தெரிந்தது. அதன் பிறகும் அவர் அறுவை அரங்குக்குத் திரும்பினார், பயிற்சியை முடித்தார், 2014இல் மகளுக்குத் தந்தையானார். 2015 மார்ச்சில், 37 வயதில் மறையும்வரை எழுதிய நூல் 2016இல்தான் அச்சில் வந்தது.

படித்த மருத்துவருக்குத்தான் இதெல்லாம் வாய்க்கும் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அண்ணிக்கும் புற்றுநோய்தான். "பேசாமல் படுத்திரு" என்றார்கள் உறவினர்கள். அவருக்கோ கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தர ஆசை. வலிக்கு மார்ஃபின் கொடுத்த பிறகுதான் அவரால் நிமிர்ந்து உட்காரவே முடிந்தது. அந்த மருந்து சாவை விரைவுபடுத்தும் என்ற பயம் நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது; மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி நேர்வதில்லை. சிவராத்திரிக்குப் பிள்ளைகள் பாடினார்கள். அண்ணி முன்வரிசையில் அமர்ந்து தாளம் போட்டார்.

வலித்தணிப்புச் சிகிச்சை எங்கே கிடைக்கும், வீட்டுக்கு வரும் தாதியரை எப்படிக் கேட்டுப் பெறுவது என்ற விவரங்களை மாதம் ஒருமுறை தமிழில் வெளியிடுங்கள். செர்டாங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வண்டி வசதியில்லாத நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் கோயில் நிர்வாகங்கள் ஒரு வேன் ஏற்பாடு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செர்டாங், கெடா.