பாட்டனாரின் தொழிலை ஏன் மறைக்கிறோம்?

 

சம்பந்தம் பேச அமர்ந்தால், மாப்பிள்ளை தொழுகையாளியா என்று விசாரிப்பதற்கு முன்பே, "பாட்டனாருக்கு என்ன தொழில்?" என்ற கேள்வி நம் வீடுகளில் எழுந்துவிடுகிறது. நெசவாளர், பஞ்சுக்கொட்டி, படகு கட்டியவர் என்று உண்மையைச் சொல்லக் கூசி, "எங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள்" என்று முடித்துக்கொள்வோர் பலர். சான்று கேட்டால், பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பதே பதில்.

இக்கடற்கரைக்கு அரபு வணிகர்கள் வரவில்லை என்று நாம் கூறவில்லை. வந்தார்கள், மணம் முடித்தார்கள், அவர்களின் சந்ததியினரும் இங்கு உண்டு. ஆனால் தன் தந்தையல்லாத ஒருவரை, அறிந்துகொண்டே தந்தையென உரிமை கோருபவனுக்குச் சொர்க்கம் தடுக்கப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இல்லாத வம்சத்தை இட்டுக்கட்டும் நாவு இதை அஞ்ச வேண்டாமா?

நம் பெயர்களே தொழிலைச் சொல்பவைதாம். மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடு இணைத்துச் சொல்வது வழக்கம். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். 2007ல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தபோது, லெப்பைகளோடு பஞ்சு கொட்டும் தூதேகுலா மக்களும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். ஒதுக்கீட்டுக்கு மட்டும் ஒரே பட்டியல்; சம்பந்தத்துக்கு வெவ்வேறு பட்டியலா?

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே வந்து அமர்ந்தது, இப்பகுதித் தறிகளில் நெய்த துணிக்காக. இன்று கோட்டைச் சுவரின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அத்துணியை நெய்த விரல்களும், அதைப் படகிலேற்றிக் கப்பலுக்குச் சேர்த்த தோள்களும் யாருடையவை என்று எவரும் கேட்பதில்லை. அதே கரையில் இப்போது அணுமின் நிலையத்தில் பணி என்றால், மாப்பிள்ளையின் பாட்டனார் தறியில் அமர்ந்தவரா என்ற ஆராய்ச்சி சட்டென நின்றுவிடுகிறது. (ஆக, நாம் அஞ்சுவது தொழிலுக்கு அன்று, ஏழ்மைக்குத்தான் போலும்.)

இதில் மிகவும் காயப்பட்டவர்கள் முடிதிருத்தும் குடும்பத்தினர். நம் பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்துவைத்தவர்கள் அவர்களே. பள்ளியில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம். அவர்கள் வீட்டில் பெண் எடுக்க மட்டும் மறுக்கிறோம். தலைமுறை கடந்து, அத்தொழிலையே விட்டு, பட்டம் பெற்ற பேரனுக்கும் இதே நிலைதான்.

"குஃபு பார்ப்பது மார்க்கச் சட்டம்தானே?" என்று சிலர் கிதாபைத் திறப்பார்கள். ஆம், ஷாஃபி, ஹனஃபி நூல்களில் தொழிலும் பேசப்படுகிறது. ஆனால் அது பெண்ணும் வலியும் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமையே தவிர, ஒருவரை இழிவுபடுத்தும் கட்டளையன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பற்றையே அளவுகோலாகக் கொண்டார்கள். இரத்தம் குத்தி எடுக்கும் தொழிலாளியும் விடுதலை பெற்ற அடிமையுமான அபூஹிந்த் (ரலி) அவர்களுக்குப் பெண் கொடுக்குமாறும், அவரிடம் பெண் எடுக்குமாறும் பனூ பயாளா குலத்தாரிடம் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் உள்ளது. கிதாபைத் திறப்பவர்கள் அந்தப் பக்கத்தையும் திறக்கட்டும்.

ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) பூட்டுத் தொழிலாளியாக இருந்து, முப்பது வயதளவில் கல்வியில் இறங்கியவர். 'கஃப்பால்' என்பதன் பொருளே பூட்டு செய்பவர். ஹனஃபி அறிஞர் கஸ்ஸாஃப் (ரஹ்) செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அவர் பெயரும் அதையே சொல்கிறது. நபி தாவூத் (அலை) தம் கைகளால் உழைத்து உண்டார்கள். நபி ஸகரிய்யா (அலை) தச்சர்.

இப்போது பல ஊர்களில் குடும்ப மரம் வரைந்து புத்தகமாக அச்சிடுகிறார்கள். நல்ல முயற்சி. ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் செய்த தொழிலையும் எழுதுங்கள்: தறி, படகு, தோல், சவரக்கத்தி, எதுவாயினும். தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். அங்கே ஓர் அரபுப் பெயரை நட்டுவைக்காதீர்கள்.