குட்டியில் போட்ட ஊசியும் நாலு வருஷ வீராப்பும்

வீட்டு நாய்க்குத் தடுப்பூசி என்பது முழுக்க முழுக்க வியாபாரம், ஒன்றுகூடத் தேவையில்லை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. குடிபாலாவில் அதைப் படித்த ஒருவர், சித்தூருக்குக் கூட்டிப்போக இருந்த குட்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் சிரித்துவிட்டு என் மாந்தோப்பு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

கட்டுரையாளரின் பெரிய சாட்சி அவருடைய சொந்த நாய். நாலு வருஷமாக ஒரு ஊசியும் போடவில்லையாம், நாய் கல்லுப்போல இருக்கிறதாம். ஆனால் அதே பத்தியில், குட்டியாக இருந்தபோது டாக்டர் சொன்ன ஊசியெல்லாம் போட்டாயிற்று என்று போகிற போக்கில் ஒரு வரியும் வருகிறது. டிஸ்டெம்பர், பார்வோ, ஈரலைத் தாக்கும் அடினோவைரஸ் ஆகிய மூன்றுக்கும் குட்டிப் பருவத்தில் முறையாகப் போட்ட ஊசி பல வருஷம் காக்கும். அந்த நாய் தெம்பாக நடமாடுவது அந்த ஊசியின் தயவில். கூரை வேய்ந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, நாலு மழைக்காலமாக நனையவே இல்லை, கூரைக்குச் செலவழித்தது தண்டம் என்கிறார் மனிதர்.

இந்த நாலு வருஷத்தில் காலாவதியானது ஒன்று உண்டு. அது வெறிநோய் ஊசி. தயாரிப்பைப் பொறுத்து ஒரு வருஷமோ மூன்று வருஷமோதான் அதற்குக் கணக்கு. அதைப் பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை.

வியாபாரம் என்று அவர் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதைக்கூட ஒழுங்காகச் சொல்ல அவருக்கு வரவில்லை என்பதுதான் என் குறை. கூட்டு ஊசியை வருஷா வருஷம் முழுசாகப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவர் சங்கம் 2024இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், மேலே சொன்ன மூன்று வைரஸ்களுக்கும் வளர்ந்த நாய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஊசி வேண்டாம் என்றே இருக்கிறது. சில கூட்டு ஊசிகளில் நாய்க் கொரோனாவும் சேர்ந்து வரும். அதை அந்தச் சங்கம் பரிந்துரைப்பதே இல்லை. (2020க்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டதும் பயந்து பணம் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கோவிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) நாலைந்து நாய்கள் சேர்ந்து தங்கும் விடுதியில் விடுபவர்களுக்குத்தான் இருமல் ஊசி. தோப்பில் தனியாகக் காவல் காக்கும் நாய்க்கு அது எதற்கு?

எலிக்காய்ச்சல் ஊசி வேறு கதை. நெல் வயலும் எலி வளையும் இருக்கிற பக்கத்தில், எலி மூத்திரம் கலந்த தண்ணீரை நக்குகிற நாய்க்கு அது வேண்டும், வருஷம் ஒருமுறை வேண்டும். அந்த நோய் நாயிடமிருந்து வீட்டு ஆட்களுக்கும் தொற்றும். எது வேண்டும், எது வேண்டாம் என்று இப்படிப் பிரித்துச் சொல்லியிருந்தால் நானே கட்டுரையைப் பத்துப் பிரதி எடுத்து மாட்டாஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருப்பேன். அவரோ பதரோடு சேர்த்து நெல்லையும் தூற்றிவிட்டார்.

அடுத்தது நாட்டு நாயின் வீரியம். கோம்பைக்கும் சிப்பிப்பாறைக்கும் ஊசி எதற்கு, தெருநாய் ஊசியா போட்டுக்கொண்டது என்று கேட்கிறார். பிழைத்து நிற்பதை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து எண்ணிய ஆய்வாளர்கள், 364 குட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் குட்டி போடும் வயதை எட்டியது என்று 2016இல் எழுதினார்கள். அந்தச் சாவுகளில் பெரும்பங்குக்கு மனிதர்களே காரணம், நோயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் தெருவில் நிற்கும் ஒரு நாய்க்குப் பின்னால் எத்தனை குட்டி போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை விட்டுவிட்டு வீரியம் பேசக் கூடாது. பார்வோ வந்து ரத்தமாகக் கழிந்து இரண்டே நாளில் துவண்டுபோகும் குட்டியை அவர் மடியில் வைத்திருந்ததில்லை போலிருக்கிறது. கிர் காட்டில் 2018இல் சிங்கங்கள் வரிசையாகச் செத்தபோது, ஆய்வில் தெரிந்த காரணங்களில் ஒன்று இதே டிஸ்டெம்பர். அமெரிக்காவிலிருந்து ஊசி வரவழைத்துச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். சிங்கத்துக்கு இல்லாத வீரியம் சிப்பிப்பாறைக்கு எங்கிருந்து வந்தது?

தாத்தா காலத்தில் இதெல்லாம் ஏது என்கிறார். இருந்ததய்யா. சித்தூர் வட ஆற்காட்டின் தலைமையிடமாக இருந்த காலத்தில், தென்னாட்டில் வெறிநாய் கடித்தவருக்குப் பக்கத்தில் வைத்தியம் கிடையாது, இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநோயில் இறந்த பிறகுதான் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வழி பிறந்து, 1907இல் அது திறந்தது. பிறகு தாத்தாக்கள் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து அது. சிலருக்குப் பக்கவாதமே வந்தது. இந்தியாவில் அதை 2004 கடைசியில்தான் நிறுத்தினார்கள். நாய்க்கு ஊசி போடாத காலத்தில் அந்த ஊசியை மனிதன் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டான். இதுதான் அவர் ஏங்குகிற பொற்காலம்.

ஊசி போட்ட மறுவாரமே செத்த ஒரு குட்டியையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆறு மாதத்தில் இன்னொன்று. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு, ஊசி போட்டும் செத்தது என்பது, ஒரு தண்ணீர் விட்டுவிட்டுப் பயிர் காய்ந்தது என்பதைப் போன்றது. குட்டியை வாங்கி வரும்போதே பார்வோ ஏறியிருந்தாலும் ஊசி காப்பாற்றாது.

இன்னொரு காரணத்தை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடையில் ஊசியை வாங்கி, பாலிதீன் பையில் போட்டு, பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் வருகிறார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, வீட்டுக்கு வரும்போது வெந்நீராகியிருக்கும். அந்த ஊசி போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். இதை எழுதியிருந்தால் ஊருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

என் நாய் வாசல் தாண்டுவதில்லை என்ற வாதத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்வோ செருப்பில் வரும், மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வெறிநோயைக் கொண்டுவரக்கூடிய கீரி காம்பவுண்டு சுவரை மதிப்பதில்லை.

கடைசியாக, என் நாய் என் இஷ்டம் என்று முடிக்கிறார். டிஸ்டெம்பரில் அவர் நாய் செத்தால் அழப்போவது அவர் வீடு, சரி. வெறிநோயில் அந்தப் பேச்சு செல்லாது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 நாயிடமிருந்து வருகிறது. வெறிபிடித்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் விலங்கிடம் கடிபடுபவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரிந்துவிட்டால் வேலூருக்குப் போனாலும் திருப்பதிக்குப் போனாலும் கைவிரிப்புதான். எங்கள் தோப்புக் காவல்காரர் மகனை ஒரு வீட்டு நாய் கடித்தபோது, ஊசி போட்டீர்களா என்று உரிமையாளரிடம் கேட்டோம். வீட்டு நாய்தானே என்றார். பையனின் காலைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசிகளை முடித்தோம். அந்த நாய் பத்து நாள் தாண்டி உயிரோடு இருக்கிறதா என்று அந்தத் தாய் தினமும் அந்த வீட்டு வாசலில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நாய்க்கு அந்த ஊசி போட ஒரு கிலோ ஆட்டுக்கறி விலைகூட ஆகாது. ஜூலை 6ஆம் தேதியை ஒட்டி அரசு மாட்டாஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடுவது வழக்கம்.

கட்டுரையாளர் மறுப்பு எழுதுவதானால், தன் நாயின் ஊசி அட்டையையும் கடைசித் தேதி தெரிகிற மாதிரி கூடவே அச்சிடட்டும்.

நிறுத்திவைத்த அந்தக் குட்டியைச் செவ்வாய்க்கிழமை சித்தூருக்குக் கூட்டிப்போகிறோம். வண்டியில் இன்னும் இரண்டு குட்டிக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் குட்டியை ஆஸ்பத்திரித் தரையில் இறக்கிவிடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.