பாஸைத் திட்டுறதுக்கு முதல் மண்ணைக் கேளுங்க

திகன பக்கம் வீட்டுச் சுவர் வெடிச்சா முதல்ல திட்டு வாங்குறவர் மேசன் பாஸ். "சீமெந்தைக் குறைச்சிட்டான்" என்பார்கள். பிறகு பூச்சு, பெயின்ட். அடுத்த வறட்சியில் அதே இடத்தில் அதே வெடிப்பு. எல்லா வெடிப்புக்கும் பாஸ் காரணமில்லை என்கிறோம் நாங்கள்.

திகனயைச் சுற்றிச் சில இடங்களில் இருப்பது வீங்கும் களிமண். மழையில் தண்ணியைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். பெரிய கட்டடத்தின் பாரம் அதை ஓரளவு அமுக்கி வைக்கும். அடிபடுவது ஒரு தட்டு வீடும் மதிலும் ஒழுங்கையும்தான். அதாவது, கடன்பட்டுச் சின்ன வீடு கட்டுகிற நம்ம ஆட்கள்தான்.

வைத்தியம் இல்லாமலா? களிமண்ணில் சுண்ணாம்பு கலப்பது பழைய முறை. கூடவே உமிச்சாம்பல் சேர்க்கலாம். 1,000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி, எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. பக்குவமாக எரித்த சாம்பல் சுண்ணாம்போடும் தண்ணியோடும் சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகும், மண் வீங்குவதும் குறையும். நுரைச்சோலை 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் பறக்கும் சாம்பலும் இதே வேலையைச் செய்யக்கூடியது. உடைத்த கட்டடங்களின் கல், ஓட்டுத் தூளும் உதவும்.

சாம்பல் இருக்கு, பேராதனையில் பொறியியல் பீடமும் இருக்கு. கண்டிக் குப்பையோ கொஹாகொடவில், மகாவலிக் கரையோரம் குவிகிறது. இல்லாதது அக்கறை மட்டும்தான்.

"அப்போ குப்பையெல்லாம் அத்திவாரத்துக்குள்ள கொட்டலாமா?" கூடவே கூடாது. அழுகுகிற குப்பை அமிழும். நிலக்கரிச் சாம்பலில் பார உலோகங்கள் உண்டு, சோதிக்காமல் போட்டால் கிணற்றில் இறங்கலாம். குப்பையைக் கண்டபடி குவித்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் பார்த்தோம். 'மீள்சுழற்சி' என்ற பெயரில் ஏழை வீட்டடியைக் குப்பைமேடாக்க விடமாட்டோம். மண்சரிவுக்கும் இது மருந்தல்ல. மலைச்சரிவின் கணக்கு வேறு.

நாங்கள் கேட்பது மூன்று. வீட்டுப் பிளானை அனுமதிக்க முதல் மண் சோதனை, அதுவும் பொதுச் செலவில். கட்டட இடிபாடுகளைக் குப்பையோடு கலக்காமல் தனியாகச் சேர்ப்பது. முதலில் ஒரு பிரதேச சபை ஒழுங்கையில் போட்டு, இரண்டு மழைக்காலம் அளந்து, முடிவை மூன்று மொழியிலும் ஊருக்குச் சொல்வது.

பிளானோடு சபைக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "எங்க மண்ணைப் பார்த்தீங்களா?"