பழைய லேப்டாப்பும் திருட்டு விண்டோசும்

கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்க வரும் பையன் பழைய லேப்டாப் வாங்கினால், முதல் வேலையே 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற எழுத்தை மறைக்க கிராக் தேடுவது தான். கூடவே வைரசும் இலவசம்!

தேவையே இல்லாத திருட்டு இது. 2012ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோசுடன் விற்ற லேப்டாப்களில் பெரும்பாலும் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. காசை முதல் ஓனரே கொடுத்தாயிற்று. மெஷினோடு வந்த எடிஷனையே போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் மெஷினில் கடைக்காரர் புரோ போட்டுத் தருவதால் வரும் வினை தான் பாதி. (மதர்போர்டு மாற்றியிருந்தால் கதை வேறு. காசு கொடுக்கும் முன்பே செட்டிங்ஸில் பார்த்துவிட வேண்டும்.)

"பி.காமுக்கு டாலி வேண்டுமே, அதற்கும் கிராக் தானே?" என்பார்கள். டாலியில் எஜுகேஷனல் மோடு இலவசம். மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகளில் மட்டும் என்ட்ரி போடலாம். பரீட்சைக்குப் பழக அது போதாதா என்ன?