பழுது பார்க்கும் வண்டிக்கு வந்த பவிசு

ரெயில் பாதையில் எக்ஸ்பிரஸ் வண்டி போனால் கை அசைக்காத குழந்தை இல்லை. ஆனால் கிரேனும், நிறம் மங்கிய பழைய பெட்டிகளும் கோர்த்த 'பிரேக்டவுன்' வண்டி போனால் யாரும் கை அசைப்பது இல்லை. "எங்கேயோ தடம் புரண்டு விட்டது போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, நம் வண்டி எத்தனை மணி நேரம் தாமதம் ஆகும் என்று கணக்குப் போடுவதோடு சரி.

அப்படிப்பட்ட வண்டிக்கும் ஒரு பவிசு வந்திருக்கிறது. எங்கே தெரியுமா? அமெரிக்காவில் பொம்மை ரெயில் சேகரிப்பவர்களின் கண்ணாடி அலமாரியில்!

தபால் தலையும் பழைய நாணயமும் சேர்ப்பது போல, பழைய பொம்மை ரெயில்களைச் சேர்ப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. 1954-லேயே அதற்கென்று சங்கம் தொடங்கி விட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டிராஸ்பர்க் என்ற ஊரில் அந்தச் சங்கம் ஒரு அருங்காட்சியகத்தையும் அமைத்தது. பொம்மையின் நிலைமைக்கு 1 முதல் 10 வரை மார்க் போட்டு, அதை வைத்து விலை பேசுகிறார்கள்.

இவர்களில் ஒரு சாரார் ஜொலிக்கும் என்ஜினையும் பயணிகள் பெட்டியையும் பெரிதாக நினைப்பது இல்லை. கிரேன் வண்டி, பனி தள்ளும் வண்டி, தண்டவாளம் துடைக்கும் வண்டி, கேங்மேன்கள் போகும் வண்டி ஆகியவற்றைத்தான் தேடி அலைகிறார்கள்.

"காசு உள்ளவர்களின் விளையாட்டு, நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். அப்படித் தள்ளிவிடக் கூடாது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. செய்யக்கூடாத தவறு ஒன்றும் இருக்கிறது.

ஒரு டாலர் தள்ளுவண்டி

அமெரிக்கப் பொம்மை ரெயிலில் பெரிய பெயர் 'லயனல்'. ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900-ல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி அது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அதுவும் ஆட்டம் கண்டது. 1934-ல் நிர்வாகம் ரிசீவர் கைக்குப் போனது.

அந்த ஆண்டு லயனல் ஒரு சின்ன பொம்மையை விற்பனைக்கு விட்டது. மிக்கி மவுசும் மின்னி மவுசும் எதிரும் புதிருமாக நின்று, நடுவில் உள்ள கைப்பிடியை மாறி மாறி அழுத்தும் தள்ளுவண்டி. விலை ஒரு டாலர். இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு எலி கம்பெனியைக் காப்பாற்றி விட்டது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அது மட்டுமே காப்பாற்றியது என்பது மிகை. ஆனாலும் அது கைகொடுத்தது என்பதில் ஐயம் இல்லை.

அந்தத் தள்ளுவண்டி எது? பாதையைப் பழுது பார்க்கும் தொழிலாளர்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் ஏற்றிக்கொண்டு, கை ஓயக் கைப்பிடி அழுத்தி, வேலை நடக்கும் இடத்துக்குப் போன வண்டி. அதில் இருந்த ஆட்களை இறக்கிவிட்டு எலிகளை ஏற்றினார்கள். பொம்மை அமோகமாக விற்றது.

தலைகீழ் எழுத்துக்கு வந்த வாழ்வு

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு லயனல் கம்பெனி பராமரிப்பு வண்டிகளை வரிசையாக வெளியிட்டது. 1946-ல் பன்னிரண்டு சக்கர கிரேன் வந்தது. சக்கரத்தைத் திருகினால் கொக்கி ஏறும், இறங்கும். 1954-ல் 50-ம் எண் கேங் வண்டி வந்தது. அது எதிரே தடையில் முட்டினால் தானாகவே பின்பக்கம் திரும்பி ஓடும். முட்டும்போது மேலே நிற்கும் ஆள் பொம்மையும் திரும்பிக்கொள்ளும்.

53-ம் எண் பனி தள்ளும் வண்டியின் கதை இன்னும் வேடிக்கை. 'ரியோ கிராண்டே' என்ற ரெயில்வேயின் பெயரை அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டபோது ஒரு எழுத்து இடவலம் மாறி விழுந்து விட்டது. பெரும்பாலான வண்டிகள் அந்தப் பிழையோடுதான் வெளியே போயின. பிழை இல்லாதவை கொஞ்சம்தான். அதனால் இன்று சரியான எழுத்து உள்ள வண்டிக்குத்தான் கிராக்கி.

எல்லாப் பழைய பொம்மையும் பணமாகும் என்று இதை வைத்து நினைக்க வேண்டாம். ஏராளமாகச் செய்த சாதாரண கிரேன்கள் இன்றும் மலிவாகத்தான் கிடைக்கின்றன. குறைவாகச் செய்தது எது, பிள்ளைகள் உடைத்தது போக மிஞ்சியது எது என்பதுதான் விலையை முடிவு செய்கிறது. பழையதற்குப் புதுப் பெயிண்ட் அடித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. தெரிந்தவர்கள் கீறலும் கறையும் உள்ள அசல் பெயிண்டைத்தான் விரும்புகிறார்கள். உழைத்த பொருளுக்கு உழைத்த அடையாளம்தானே அழகு!

ஆள் எங்கே?

யாரும் ஏறிட்டுப் பார்க்காத பொருளையும் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். அவர்கள் செய்யும் தவறு என்ன? வண்டிக்கு மார்க் போடுகிறார்கள். அதில் போன மனிதனை மறந்து விடுகிறார்கள்.

அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் ரெயில் பாதை 1869 மே 10-ந் தேதி முடிந்தது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து பாதை போட்டவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள். அன்று எடுத்த புகழ் பெற்ற படத்தில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தென் மாநிலங்களில் நீண்ட இரும்புக் கம்பிகளால் நெம்பி, பாட்டுப் பாடிக்கொண்டே தண்டவாளத்தை நேராக்கியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். 50-ம் எண் கேங் வண்டியை வாங்குகிறவர் இந்தக் கதையையும் தெரிந்து வைத்திருந்தால் அது அறிவு. இல்லை என்றால் அது வெறும் தகரம்.

நம் நாட்டிலும் இந்தக் குறை இருக்கிறது. டெல்லி ரெயில் அருங்காட்சியகம் 1977-ல் திறக்கப்பட்டது. 1875-ல் வேல்ஸ் இளவரசருக்காகச் செய்த சொகுசுப் பெட்டியை அங்கே அருமையாகக் காத்து வருகிறார்கள். காக்கட்டும். அதே அக்கறை ஒரு கேங்மேன் முகாம் பெட்டிக்கும் வேண்டாமா? கொளுத்தும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் சுத்தியலும் ஸ்பானருமாகத் தண்டவாளத்தோடு நடக்கும் கீமேன், ஜல்லியைச் சிலீப்பருக்கு அடியில் இடித்துக் கெட்டிப்படுத்தும் கேங்மேன், டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடும் டிராலிமேன் ஆகியோர் இல்லாமல் எந்த இளவரசரின் பெட்டியும் ஓர் அடி நகர்ந்திருக்காது. வேலை செய்யும்போதே ரெயிலில் அடிபட்டு உயிர் விட்டவர்களும் அவர்களில் உண்டு.

இன்று எந்திரங்கள் வந்து விட்டன. ஜல்லியை இடிக்கவும் தண்டவாளத்தைத் தூக்கவும் பெரிய பெரிய வண்டிகள் ஓடுகின்றன. வரவேற்க வேண்டியதுதான். மனிதனின் முதுகெலும்பு மிஞ்சுகிறது. ஆனால் பழைய கருவிகள் காயலான் கடைக்குப் போகின்றன. அவற்றைப் பிடித்த கைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது, எந்தச் சத்தம் கேட்டால் தண்டவாளத்தில் கோளாறு என்பதெல்லாம் அவர்களோடு போய்விட்டால், பிறகு கருவி மட்டும் இருந்து என்ன பயன்?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் தேவை இல்லை. மாட்டுங்கா என்றதும் நம்மவர்களுக்குக் கோவிலும் ஓட்டலும் நினைவுக்கு வரும். அதே மாட்டுங்காவில் 1915 முதல் ரெயில் பெட்டிப் பணிமனை இருக்கிறது. இப்படிப் பணிமனை உள்ள ஊரிலெல்லாம் ஓர் அறை ஒதுக்கி, பழைய கருவிகளையும் புகைப்படங்களையும் வைக்கலாம். இன்ன கருவியை இன்னார் பிடித்தார் என்று பெயரும் எழுதி வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற கேங்மேன்களின் பேச்சை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் கோரிக்கையாகவே வைக்கலாம்.

வாசகர்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். புனே கோத்ரூடில் 1998 முதல் ஒரு சிற்றுருவ ரெயில் காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அங்கே அழைத்துப் போகலாம். என்ஜினைக் காட்டும்போது, அது ஓடும் பாதையைக் காப்பவர் யார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ரெயில்வேயில் வேலை பார்த்தவர் என்றால், அவருடைய கை விளக்கையும் பித்தளை பில்லையையும் பழைய பேப்பர்காரனிடம் எடை போடாதீர்கள். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்த்த வேலையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.