பழி மழை மேல் மட்டுமா?

விடுமுறை நாளில் பீமிலி கடற்கரைச் சாலையில் செல்லும் நம்மவர்களில் பலர், வழியிலுள்ள 'எர்ர மட்டி திப்பலு' செம்மணல் மேடுகளில் இறங்காமல் திரும்புவதில்லை. பள்ளங்களும் செங்குத்துச் சுவர்களுமாகக் காணும் அந்த அழகைச் செதுக்கியது மழைநீர்தான். ஆகவே, "மழை அரிக்கும் மண்ணை யார் தடுக்க முடியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

கடலோரத்து வெறும் மணல் மழையை உறிஞ்சிக்கொள்ளும். இந்த மேடுகள் அப்படியல்ல. பல ஆயிரம் ஆண்டுகளில் மணல்மீது இரும்புத் துரு படிந்து சிவந்து, சிறிது களியும் சேர்ந்தவை இவை. பலத்த மழையில் துளிகள் மண்ணை அடித்துக் கிளப்ப, நுண்துகள்கள் மேற்பரப்பின் துளைகளை அடைத்துவிடுகின்றன. உள்ளே இறங்க வழியற்ற நீர் சரிவில் ஓடுகிறது. முதலில் விரல் அகலக் கீறல், பிறகு வாய்க்கால், பிறகு ஆளுயரப் பள்ளம். பள்ளத்தின் தலைப்பகுதி மழைக்கு மழை இடிந்து, மேட்டுக்குள் மேலும் நுழைகிறது.

அந்த முதல் கீறலைப் போடுவது யார்? புல்லும் புதரும் உள்ள இடத்தில் இலை துளியின் வேகத்தைத் தணிக்கிறது. வேர் மணலைப் பிடித்துக்கொள்கிறது. நாம் ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதையிலும் வண்டித் தடத்திலும் அந்தக் காப்பு இல்லை. மண் மிதிபட்டு இறுகுவதால் நீரும் இறங்காது. நம் தடமே வாய்க்காலாகிவிடுகிறது. சுற்றுப்புற மேட்டு நிலத்தைச் சமன்செய்து சிமெண்ட் தளம் போட்டாலோ, பரவலாக இறங்கவேண்டிய நீரெல்லாம் ஒன்றுகூடி ஒரே பள்ளத்தில் பாயும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியப் புவி மரபுச் சின்னமாக அறிவித்துள்ளது. 2025-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பட்டியல் பெருமை தரும். மணலைப் பிடித்து நிறுத்தாது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவருக்கு இந்த மண் புதிதல்ல. திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியும் இதே இனம்தான். அங்கே பனையும் முந்திரியும் மணலுக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நம் சங்கச் சுற்றுலாக்களுக்கு மூன்று கட்டுப்பாடுகள் போதும். வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துவோம். மேட்டின் விளிம்பிலும் சுவரிலும் குழந்தைகளை ஏறவிடாதிருப்போம். மழை பெய்து மண் ஈரமாயிருக்கும் நாட்களில் போகாதிருப்போம். மண்ணுக்கும் நல்லது, சுவர் சரியும் ஆபத்தும் நமக்கில்லை.

பிழைக்க வந்த ஊர் நமக்குச் சோறு போடுகிறது. அதன் மண்ணைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு.