பெயர் சொல்லக் கூசும் நோய்

சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கொரு சங்கடம் நேர்வதுண்டு. கண்ணகி தன் இடது முலையைப் பிய்த்தெறியும் இடம் வந்ததும் மாணவியர் தலைகவிழ்வர். நானும் 'மார்பு' என்று மழுப்பிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். இளங்கோ கூசவில்லை, நாமே கூசுகின்றோம். இக்கூச்சம் எங்கே கொண்டுபோய் விடுமென்பதை அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே கண்டேன்.

என் மாணவியொருத்தியின் தாய் கொழுந்து பறிப்பவர். குளிக்கையில் ஒரு கட்டி கையிலே தட்டுப்பட்டிருக்கின்றது. நோவில்லை. பால்கட்டாக இருக்குமென்றார்களாம் லயத்துப் பெண்கள். கடைக்குட்டி பால்மறந்து ஒன்பது ஆண்டுகளாகியிருந்தன! வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். போனாலும், ஆண் வைத்தியர் ஒருவரிடம், தெரியாத சிங்களத்திலே, எதை எப்படிச் சொல்வது? ஒருநாள் துணிந்து போய், "நெஞ்சிலே ஒருமாதிரி இருக்கு" என்றாராம். நெஞ்சுவலிக்கு மாத்திரை கொடுத்தனுப்பிவிட்டார்கள். எட்டு மாதங் கழித்து மகரகமைக்குப் போனபோது அக்குளிலும் கட்டி வந்திருந்தது.

இலங்கைப் பெண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் இதுவே. தொடக்கத்தில் அக்கட்டி பெரும்பாலும் நோவதில்லை. நோகாமையாலேயே வளர விடப்படுகின்றது. 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில், சிறப்பாக 35, 45 வயதுப் பெண்களை அழைத்து, மார்பைச் சோதிக்கின்றனர். தாமே தடவிப் பார்க்கவும் கற்பிக்கின்றனர். கட்டணமில்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆயினும் தோட்டத்துப் பெண்கள் வருவதில்லையென்றும், அவர்களுக்கு அறியாமை மிகுதியென்றும் படித்தவர்கள் குறை கூறக் கேட்கிறேன். இதை நான் ஒப்பமாட்டேன். அறியாமை எவருடையது? 'மார்பகப் புற்றுநோய்' என்று சுவரிலே அச்சிட்டு ஒட்டிவிட்டால் அறிவித்ததாகிவிடுமா? அத்தாய் தன் வாழ்நாளில் வாயால் சொல்லாத சொல் அது. 'மாருல கட்டி இருந்தா, நோகாட்டியும் காட்டுங்க' என்று அவர்களுடைய பேச்சிலேயே எழுதலாம். எழுத்தறியாத பாட்டிமாருக்குப் பேத்திமார் வாசித்துக் காட்டலாம். மண்வாசனை பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் நம் எழுத்தாளர்கள் இப்படி ஒரு பக்கம் எழுதித் தந்தால் குறைந்துபோக மாட்டார்கள். தமிழறிந்த குடும்பநல மாதர் இன்னும் பலர் வேண்டும். தமிழ் 1987இலிருந்து ஆட்சிமொழியாக இருக்கும் நாடு இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போடுவதற்குத் தோட்டத் துரைமார் உடன்பட வேண்டும். இதை வாய்விட்டுக் கேட்பதற்குத் தொழிற்சங்கத்தாருக்கு என்ன கூச்சமோ, நான் அறியேன்.